கந்தக நெடி

கண்ணாடிக் கடையில் பெரியவளின் மேஜை ஜன்னலோரம் இருந்தது. அன்று காலை அவள் முன்னால் கிடந்தது ஒரு வாத்தியாரின் மூக்குக்கண்ணாடி. காதில் மாட்டும் கம்பி தனியாகக் கழன்றிருந்தது. அதைப் பிடித்து வைக்கும் திருகாணி எங்கோ விழுந்து தொலைந்திருந்தது. திருகாணி என்றால் கடுகைவிடச் சின்னது. குறட்டின் நுனியில் அதைக் கவ்வி, மூச்சை அடக்கிக்கொண்டு, ஓட்டைக்கு நேரே கொண்டுபோய் விட வேண்டும். கை ஒரு நூலளவு ஆடினால் போதும், விழுந்து மாயமாகிவிடும். அப்புறம் காந்தத்தை நூலில் கட்டித் தரையெல்லாம் இழுத்துக்கொண்டு அலைய வேண்டியதுதான். பெரியவள் விட்டாள். முதல் தடவையிலேயே போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு சுற்றுச் சுற்றிக் கம்பியை மடக்கிப் பார்த்தாள். சரியாக இருந்தது.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். முன்பெல்லாம் இப்படி ஒரு வேலைக்கு உட்கார்ந்தால் நாலைந்து திருகாணியைத் தரைக்குக் காவு கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். முதலாளி ஒன்றும் சொல்ல மாட்டார். ஒன்றும் சொல்லாமலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடக்கூடிய மனுஷர் அவர். இன்றைக்கு அவரே எட்டிப் பார்த்து, "கை நல்லா நிக்குது போல" என்றார். "ஆமா சார்" என்று சொல்லிவிட்டு, லென்ஸைத் துடைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு உள்ளுக்குள் ஒரு திருட்டுச் சந்தோஷம் இருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வீட்டில் தம்பி இருந்தான். ஒரு தம்ளர் தண்ணீரைச் சிந்தாமல் வாய்வரை கொண்டுபோவது அவனுக்கு இப்போது பெரும்பாடாகிவிட்டது.

அக்கா தம்பி இருவருக்கும் ஒரே வியாதி. அப்பாவிடம் பாதி, அம்மாவிடம் பாதி என்று அது ஒளிந்திருந்தது. தங்களுக்குள் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் அவர்கள் வாழ்ந்து, தெரியாமலேயே போய்ச் சேர்ந்தார்கள். பிள்ளைகளிடம் வந்ததும் இரண்டு பாதியும் கைகோத்துக்கொண்டன. முதலில் மாட்டிக்கொண்டவன் சின்னவன்தான். அவன் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். ரசமட்டத்தை வைத்தால் குமிழி நடுவில் நின்று அசையக்கூடாது, அப்படி ஒரு சுத்தம். ஒருநாள் தான் ஒட்டிய தரையிலேயே தடுமாறி விழுந்தான். கூட இருந்தவர்கள் பட்டப்பகலில் குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று முடிவு கட்டினார்கள். "தரைதான் கோணல்னு நெனச்சேன் அக்கா. மட்டத்த வெச்சுப் பாத்தா குமிழி நடுவுல நிக்குது. அப்பதான் புரிஞ்சுது, கோணல் நான்தான்னு" என்று வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்பு ஓயும் முன்பே பெரியவளுக்கும் படிக்கட்டில் கால் பிசக ஆரம்பித்தது. அவளுக்கு மெதுவாக, அவனுக்கு வேகமாக. அதுதான் ஒரே வித்தியாசம்.

டாக்டர் நல்ல மனுஷர். எதையும் புரிகிற மாதிரி சொல்லுவார். "ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு சின்ன அடுப்பு எரிஞ்சுகிட்டே இருக்கும்மா. உங்க ரெண்டு பேருக்கும் அந்த அடுப்பு சரியா எரியல. உள்ள இரும்பு தேங்குது, ஆக்சிஜன் அதோட சேந்துகிட்டு சுத்தி இருக்கிற எல்லாத்தையும் அரிக்குது. நரம்பும் இதயமும்தான் முதல்ல அடிவாங்கும்" என்றார். "அப்ப துருப் பிடிக்குதுன்னு சொல்லுங்க" என்றான் சின்னவன். "கிட்டத்தட்ட அதேதான்." "எண்ணெய் கிண்ணெய் இருந்தா போட்டு விடுங்க டாக்டர்." டாக்டர் சிரித்துவிட்டார். வியாதிக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் அதற்குப் பெயர் துரு என்று ஆனது.

எண்ணெய் ஒன்று வந்தும் சேர்ந்தது. துருவைத் தடுக்கும் ஒரு புது மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதித்துப் பார்க்கப்போகிறார்கள், சேர்ந்துகொள்கிறீர்களா என்று டாக்டர் கேட்டார். அது சின்ன மூலக்கூறு மருந்து, கொஞ்சமே கொஞ்சம் அணுக்கள் சேர்ந்தது, குட்டியாக இருப்பதால்தான் வயிற்றில் கரைந்து ரத்தத்தில் கலந்து மூளைவரை நுழைந்துபோகும் என்றார். "சின்னவனுக்கேத்த சின்ன மூலக்கூறு" என்று தம்பி உடனே கையெழுத்துப் போட்டான். சாதாரணமாக ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேரைச் சேர்க்க மாட்டார்களாம். இந்த வியாதிக்கு ஆள் கிடைப்பதே குதிரைக்கொம்பு என்பதால் சேர்த்தார்கள். சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவில் செய்த டம்மி. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. ஒன்றரை வருஷம் கழித்து மேலேயிருந்து சொல்லுவார்கள். "ஒருத்தரோடத ஒருத்தர் மாத்திச் சாப்பிடவே கூடாது. அப்படிச் செஞ்சா மொத்தமும் பாழாப்போயிடும்" என்று நர்ஸ் இரண்டு பேருடைய கண்ணையும் பார்த்துச் சொன்னாள். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினார்கள்.

அதே நர்ஸ்தான் புட்டிகளின் மூடியை எப்படித் திறப்பது என்று காட்டினாள். அழுத்திக்கொண்டே திருக வேண்டும், சின்னப் பிள்ளைகள் திறந்துவிடக்கூடாது என்பதற்காக அப்படி ஒரு மூடி. பெரியவளுடைய புட்டியைத் திறந்ததும் அழுகிய முட்டை மாதிரி ஒரு நாற்றம் எழுந்து வந்தது. "ஐயே" என்று முகத்தைச் சுளித்தாள். "மருந்துல கந்தகம் இருக்கில்ல, கொஞ்சம் நாறத்தான் செய்யும்" என்றாள் நர்ஸ், சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு தம்பியுடைய புட்டியைத் திறந்தாள். எந்த வாடையும் இல்லை. பெரியவள் அதை வாங்கி, மாத்திரையைப் பார்க்கிறவள் போல மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். சுத்தமாக ஒன்றும் இல்லை, வெறும் பிளாஸ்டிக் வாடை. ஆக, அக்காவுக்கு மருந்து, தம்பிக்கு டம்மி என்று அங்கேயே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. வீடு வந்து சேருவதற்குள் என்ன செய்வது என்பதும் தெரிந்துபோயிற்று.

அதில் அவளுக்குக் கஷ்டம் ஒன்றும் இருக்கவில்லை. அழுத்தித் திருகும் மூடியைத் திறக்கத் தம்பியின் விரல்களால் முடியாது. இரண்டு பேருடைய மாத்திரைகளையும் எடுத்து, கிழமைக்கு ஒரு கட்டம் வைத்த டப்பாக்களில் நிரப்பி வைப்பவள் அவள்தான். தன் புட்டியிலிருந்து எடுத்ததை அவன் டப்பாவிலும், அவன் புட்டியிலிருந்து எடுத்ததைத் தன் டப்பாவிலும் போட்டாள். ஆஸ்பத்திரியில் மிச்ச மாத்திரைகளை எண்ணிப் பார்த்தால் கணக்கு அச்சாகச் சரியாக இருக்கும். தம்பிக்கு வயசு குறைவு, வியாதி ஜாஸ்தி. மருந்து யாருக்கு வேண்டும் என்று கேட்டால் பச்சைக் குழந்தை கூடச் சொல்லும். அந்த மருந்தை யாருக்குக் கொடுப்பது என்று எங்கோ ஒரு கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போட்டிருக்கிறது, அதற்கு இவர்கள் வீட்டு நிலவரம் என்ன தெரியும்? பெரியவள் அதைத் திருத்தினாள், அவ்வளவுதான். முதல்நாள் அவன் அந்த மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்ததைப் பார்த்தபோது, பிறந்ததிலிருந்து தான் செய்த உருப்படியான காரியம் இது ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

தொடக்கத்தில் எல்லாம் நினைத்தபடியேதான் நடந்தது. சின்னவன் தெம்பாக இருந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல்வரை நடந்தான், பழைய வேலைக் கதைகளைச் சொல்லிச் சிரித்தான், ஆஸ்பத்திரிப் பரிசோதனையில் ஓட்டைப் பலகையில் குச்சிகளை முன்னைவிட வேகமாகச் செருகினான். பெரியவள் ரகசியமாகப் பூரித்துப்போனாள். சில மாதங்கள்தான். பிறகு அவன் நடை ஜன்னலுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது, அப்புறம் கட்டிலோரத்தோடு. சக்கர நாற்காலி வந்தது. "பா-டா-கா, பா-டா-கா" என்று வேகமாகச் சொல்லச் சொல்லி நர்ஸ் கடிகாரத்தைப் பார்க்கும் பரிசோதனையில் அவன் வாய் குழறியது. இதயத்தின் சுவர் தடித்துவிட்டது என்று ஸ்கேன் சொன்னது.

பெரியவளுக்குக் கோபம் வந்தது. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தன் பங்கை எடுத்துக் கொடுத்தவர்களுக்கு வருகிற கோபம் அது. மருந்து உள்ளே போகிறது, ஆள் தேறாவிட்டால் தப்பு ஆள் மேல்தானே? பயிற்சி செய்யமாட்டேன் என்கிறான், சொன்ன நேரத்துக்குத் தூங்கமாட்டேன் என்கிறான், முயற்சியே இல்லை என்று தினமும் கரித்துக் கொட்டினாள். ரப்பர் பட்டையைக் கையில் கொடுத்து இழுக்கச் சொல்லுவாள். அவன் நாலு தடவை இழுத்துவிட்டு மடியில் போட்டுவிடுவான். "வலிக்குதா?" "இல்ல." "அப்புறம் என்ன?" "முடியல அக்கா." "முடியலன்னு சொல்றது சுலபம்." ஒருநாள் சாப்பிடும்போது அவனுக்குப் புரையேறிக் கஞ்சியெல்லாம் சட்டையில் வழிந்தது. அன்றைக்குக் கடையிலும் அலுப்பு. துடைத்துவிட்டுக்கொண்டே, "உனக்குப் போயி வீணாப்போகுது பாரு" என்று சொல்லிவிட்டாள். கஞ்சியைச் சொன்னதாக அவன் எடுத்துக்கொண்டிருப்பான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். மறுநாள் அவள் கொடுக்காமலேயே ரப்பர் பட்டையைக் கேட்டு வாங்கி, கண்ணில் நீர் முட்டும்வரை இழுத்தான்.

அவளுக்கோ, வியாதி வந்த இடத்திலேயே நின்றுவிட்டது. காலை அகட்டி வைத்துத்தான் நடந்தாள் என்றாலும் விழவில்லை. கை முன்னைவிட நன்றாக நின்றது. டம்மியைத் தின்றுகொண்டே இப்படி இருக்கிறோமே, நமக்கு வந்தது ஏதோ லேசான துரு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அதற்காகச் சில நாள் அழக்கூடச் செய்தாள்.

கடைசிப் பரிசோதனை நாள் வந்தது. தம்பியை நர்ஸ் இதய ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். "முடிவு எதுவா இருந்தாலும் நீயே கேட்டுட்டு வா. என்கிட்ட பதமா சொன்னா போதும்" என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனான். டாக்டரின் அறையில் கம்ப்யூட்டர், ஒரு பிளாஸ்டிக் மூளை, இரண்டு நாற்காலி. டாக்டரின் மூக்குக்கண்ணாடி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. வலது பக்கத் திருகாணி லூசாகிவிட்டது என்று உட்காரும்போதே பெரியவள் கவனித்தாள். அவர் முகத்தில் சந்தோஷமும் சங்கடமும் கலந்திருந்தன.

"முதல்ல நல்ல சேதி. மருந்து வேலை செய்யுது. முழுசா குணமாக்கல, ஆனா வியாதிய அதே இடத்துல பிடிச்சு நிறுத்துது. டம்மி சாப்பிட்டவங்க எல்லாரும் இறங்கிகிட்டே போயிருக்காங்க, மருந்து சாப்பிட்டவங்கள்ல நிறைய பேர் அப்படியே நிக்கிறாங்க, சில பேர் கொஞ்சம் தேறியும் இருக்காங்க."

"சரி டாக்டர்."

"உங்க வீட்லதான் தலைகீழா இருக்கு." அவர் திரையைப் பார்த்தார். "உங்களுக்கு வந்தது டம்மிம்மா. ஆனா நீங்க இறங்கவே இல்ல. உங்க தம்பிக்குத்தான் நிஜ மருந்து. அவரு இப்படி ஆயிட்டாரு."

பெரியவளுக்கு அந்த வாக்கியம் புரியவில்லை. புரியாத முகத்தோடேயே, "இல்ல டாக்டர், என்னோடதுதானே நாறுச்சு" என்றாள்.

டாக்டர் லேசாகச் சிரித்தார். "அது ஒரு கூத்து. மருந்துல கந்தகம் இருக்கு, நாறும். நாத்தத்த வெச்சு யாரும் கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு டம்மியிலயும் கொஞ்சம் நாத்தத்த சேத்திருக்காங்க. கடைசியில பாத்தா நிஜ மாத்திரை மேல பூசின பூச்சு அந்த வாடைய அப்படியே அடைச்சிடுச்சு. நாறினது டம்மி மட்டும்தான். நிறைய பேர் உங்கள மாதிரியே ஏமாந்திருக்காங்க."

அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பெரியவள் தன் கைகளைப் பார்த்தாள். மடியில் ஒன்றின் மேல் ஒன்றாக, அமைதியாகக் கிடந்தன. ஒன்றரை வருஷமாக வேளை தவறாமல் தம்பியின் மருந்தை எடுத்துத் தின்ற கைகள். அவன் வாயில் நாறும் மாவைப் போட்டுத் தண்ணீர் கொடுத்த கைகள். முயற்சி இல்லை, முயற்சி இல்லை என்று அவனைப் பிடுங்கித் தின்றதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. ரப்பர் பட்டை வந்தது. கஞ்சி வந்தது. யாராவது எழுந்து வந்து தனக்கு ஓங்கி ஓர் அறை விட்டால் தேவலை என்று இருந்தது. டாக்டர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

"இப்ப அடுத்த கட்டம். டம்மி சாப்பிட்டவங்க எல்லாருக்கும் இனிமே நிஜ மருந்து குடுக்கிறாங்க. மருந்து சாப்பிட்டு நல்லா இருக்கிறவங்களுக்கும் தொடர்ந்து உண்டு. ஆக, உங்களுக்கு இன்னைக்கே புட்டி தரேன்."

"தம்பிக்கு?"

"மருந்து சாப்பிட்டும் கேக்காதவங்களுக்குத் தர மாட்டாங்கம்மா. மேல இருந்தே உத்தரவு அப்படித்தான். அவருக்குன்னு நான் கேட்டுப் பாத்துட்டேன். சில பேருக்கு ஏன் கேக்கலன்னு யாருக்குமே புரியல. அவரோட விவரம் அதுக்கு உதவும், மத்த நோயாளிகளுக்கு ஆகும்." ஆறுதல் சொல்வதாகத்தான் அவர் சொன்னார்.

பெரியவள் எதிரே இருந்த பிளாஸ்டிக் மூளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "டாக்டர், ஒரு பேச்சுக்குக் கேக்கிறேன். ரெண்டு பேரும் மாத்திச் சாப்பிட்டிருந்தா?" என்றாள்.

டாக்டர் தட்டிக்கொண்டிருந்த விரலை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு வயசு கூடித் தெரிந்தது. ரொம்ப நேரம் அவளைப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள், அவர் கோபப்படவில்லை.

"அப்படி ஒரு வார்த்தைய இந்த அறையில யாராவது சொன்னா, நான் எழுதியாகணும். எடுத்து வெச்ச ரத்தம் எல்லாம் இன்னும் ஐஸ்லதான் இருக்கு. அதைச் சோதிச்சா யார் எதைச் சாப்பிட்டாங்கன்னு தெரிஞ்சிடும். அப்புறம் ரெண்டு பேரையுமே கணக்குலேருந்து எடுத்துடுவாங்க. எடுத்தவங்களுக்கு மருந்து கிடையாது. ரெண்டு பேருக்கும் கிடையாது. கடைக்கு இந்த மருந்து வர இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும்மா. உங்க தம்பிக்கு..." அதை அவர் முடிக்கவில்லை. "இப்ப நீங்க என்கிட்ட என்ன கேட்டீங்க?"

கதவுக்கு வெளியே யாரோ ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. "உங்க கண்ணாடி ஸ்க்ரூ லூசா இருக்கு டாக்டர். அதத்தான் கேட்டேன்" என்றாள் பெரியவள். கைப்பையிலிருந்து சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கண்ணாடியை வாங்கி முடுக்கிக் கொடுத்தாள். டாக்டர் அவள் விரல்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். புட்டியை எடுத்து அவள் பக்கம் நகர்த்தும்போது, "சாப்பாட்டுக்கு அப்புறம், ரெண்டு வேளை" என்று மட்டும் சொன்னார். யார் சாப்பிட வேண்டும் என்று சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது வேண்டுமென்றா, பழக்கத்திலா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வாடகை வண்டியில் வந்தார்கள். சக்கர நாற்காலியை மடித்துப் பின்னால் போட்டாயிற்று. சின்னவன் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, வழியில் தெரிந்த கட்டடங்களில் எதெதில் தரை போட்டான் என்று சொல்லிக்கொண்டு வந்தான். நாக்கு தடித்து, வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. பழகாத ஆளுக்குப் பாதி புரியாது. கொஞ்ச நேரம் கழித்து, "என்ன சொன்னாரு?" என்றான்.

"எனக்கு மருந்து தொடர்ந்து தராங்களாம்."

"எனக்கு?"

"உனக்கு இதயம் கொஞ்சம் சரியாகட்டும்னு சொல்றாரு. அப்புறமா பாக்கலாமாம்." பொய் சரளமாக வந்தது.

அவன் மறுபடி ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டான். வீட்டுக்குள் வந்து, அவனை நாற்காலியோடு ஜன்னல் பக்கம் நிறுத்திவிட்டுச் சாப்பாட்டை எடுத்து வைத்தாள். வரும் வழியிலேயே அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். இந்தப் புட்டி முழுக்க அவனுக்குத்தான். வழக்கம்போல டப்பாவில் நிரப்பிக் கொடுத்துவிட்டால் போதும், ஒன்றையும் விளக்க வேண்டியதில்லை. போன நடையைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. விழுங்குவதையாவது, பேச்சையாவது, அந்த இதயத்தையாவது இருக்கிற இடத்தில் பிடித்து நிறுத்தலாம். தன் கை ஆட ஆரம்பித்தால் ஆடட்டும். திருகாணிகள் விழட்டும். பதமாகக் குழைத்த சோற்றை அவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். அன்றைக்கு ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை. அது அவனுக்கே விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும்.

சாப்பிட்டு முடித்ததும், டப்பாவை எடுக்கப் போனவளை அவன் கூப்பிட்டான்.

"அக்கா, இங்க உக்காரு. இந்தத் தடவை மருந்த நீ சாப்பிடணும்."

"நான்தானே சாப்பிடப்போறேன்."

"பொய் சொல்லாத." அவன் மூச்சு வாங்கிக்கொண்டான். வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து வைக்க வேண்டியிருந்தது. "முதல் நாளே எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில உன் புட்டிதான் நாறுச்சு, என்னோடது நாறல. வீட்டுக்கு வந்தா என் டப்பா நாறுது. நீ மாத்திட்டேன்னு மூக்கு சொல்லிடுச்சு."

பெரியவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"வேணாம்னு சொல்லியிருக்கலாம். சொல்லணும்னுதான் நெனச்சேன். பயமா இருந்துச்சு அக்கா, பொழைக்கணும் போல இருந்துச்சு. அதனால வாய மூடிகிட்டு தின்னுட்டேன். உன் மருந்த தெரிஞ்சேதான் தின்னேன். தின்னுட்டும் நான் தேறல. நீ திட்டினப்பல்லாம் சரியாத்தான் திட்டுறா, இவ பங்க பிடுங்கித் தின்னவன்தானேன்னு நெனச்சுப்பேன். வீணாப்போகுதுன்னு அன்னைக்குச் சொன்ன பாரு, அதுவும் சரிதான்." அவனால் இப்போது ஒழுங்காக அழக்கூட முடிவதில்லை, முகம் ஒரு பக்கமாகக் கோணியது, அவ்வளவுதான். "எனக்கு டம்மி போதும். இனிமே உன்னோடத நீ சாப்பிடு. நான் பாக்கணும்."

அவள் வந்து அவன் எதிரே உட்கார்ந்தாள். ஏதாவது சொல்லியாக வேண்டும். சொன்னால் அவன் கேட்கப்போவது என்ன? நீ என்னுடையதைத் திருடித் தின்னவில்லை, நான்தான் உன்னுடையதைத் தின்றேன். இதைக் கேட்டு அவன் பாரம் குறையுமா, இல்லை ஒன்றரை வருஷமாகத் தன் உடம்பில் நடந்ததற்கெல்லாம் காரணம் எதிரே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்து இன்னும் நொறுங்குவானா? அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை அவள் கைக்குள் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது.

"சரி, நானே சாப்பிடுறேன்" என்றாள் கடைசியில். ஒரு வேளைதானே, நாளையிலிருந்து டப்பாவில் மாற்றிவிடலாம் என்று மனசு கணக்குப் போட்டது. பையிலிருந்து புட்டியை எடுத்தாள். அவன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான். வேலை முடிந்த தரையைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கும்போது அவன் முகத்தில் வருமே, அப்படி ஒரு திருப்தி வந்திருந்தது.

"குடு, ஒரு தடவை மோந்து பாக்கிறேன். அந்த நாத்தத்துக்கு ஒரு கும்பிடு போட்டுடுறேன்" என்றான்.

அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஆனால் விரல்கள் பழக்கத்தில் மூடியை அழுத்தித் திருகிவிட்டிருந்தன. சின்னவன் கழுத்தை நீட்டி, புட்டியின் வாயில் மூக்கை வைத்தான். ஒரு தடவை இழுத்தான். முகத்தைச் சுளிக்கத் தயாராக வைத்திருந்தவன், சுளிக்காமல் மறுபடி இழுத்தான்.

"அக்கா, இது நாறலையே."

தெருவில் ஒரு வண்டி பின்னால் போகும் பீப் சத்தம் கேட்டு, நின்றது. சின்னவன் மெதுவாகப் புட்டியிலிருந்து கண்ணை எடுத்து, அதைப் பிடித்திருந்த அவளுடைய கையைப் பார்த்தான். புட்டி நிறைய மாத்திரைகள் இருந்தன. ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. கை அத்தனை ஆடாமல் இருந்தது.